சுட மறுத்த கேப்டன்: சைலஸ் சோல் எழுதிய கடிதங்கள்

#1 ஏட்டுச்சுவடி

அமெரிக்க உள்நாட்டுப் போர் இழையில் போன மாதம் சைலஸ் சோல் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். யார் அது என்று மூன்று பேர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆள் இல்லை. அதனால் இந்த இழை.

1864 டிசம்பர் 14. கொலராடோவில் ஃபோர்ட் லயன் என்ற ராணுவக் கோட்டை. 26 வயது கேப்டன் ஒருவர் தன் பழைய மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுகிறார். மேலதிகாரியின் பெயர் எட்வர்ட் வின்கூப். கடிதத்தில் ‘நெட்’ என்றுதான் கூப்பிடுகிறார், அவ்வளவு நெருக்கம். இரண்டு வாரத்துக்கு முன்பு, நவம்பர் 29 விடியற்காலையில், சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் நடந்ததைச் சொல்லத்தான் அந்தக் கடிதம்.

ஓடைக்கரையில் ஷையான், அரபஹோ என்ற இரண்டு அமெரிக்கப் பழங்குடிகளைச் சேர்ந்த மக்கள் சுமார் 750 பேர் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். சமாதானம் பேசியாகிவிட்டது, ராணுவம் நம்மைத் தொடாது என்ற நம்பிக்கையில் இருந்தவர்கள். தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையும் கூடவே வெள்ளைத் துணியையும் ஏற்றியிருந்தார். கர்னல் ஜான் ஷிவிங்டன் தலைமையில் ஏறக்குறைய 675 சிப்பாய்கள் இரவெல்லாம் குதிரையில் வந்து, பொழுது விடியும்போது பீரங்கிகளோடு அந்த முகாமைத் தாக்கினார்கள். 230-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

சோலின் கம்பெனியும் அந்தப் படையில் இருந்தது. அவர் சுடவில்லை. தன் ஆட்களையும் சுட விடவில்லை. நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் தங்களை நோக்கி ஓடி வந்து மண்டியிட்டுக் கெஞ்சினார்கள் என்றும், கோழையைத் தவிர வேறு எவனும் சுடமாட்டான் என்று தான் சத்தியம் செய்து மறுத்ததாகவும் வின்கூப்புக்கு எழுதுகிறார். மண்டியிட்டிருந்த சின்னக் குழந்தைகளின் மண்டையை, நாகரிகமானவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்கள் அடித்துப் பிளந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்த அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

இனி ஆள் யார் என்று சொல்கிறேன். 1838-இல் மெய்ன் மாநிலத்தில் பாத் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அமாசா அடிமைமுறையை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று நின்றவர். 1854-இல் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் வருகிறது. கேன்சஸில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். ஓட்டுதான் முடிவு என்றால் ஆட்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் இல்லையா? நாட்டின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து பகுதியில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்துக் குடும்பம் குடும்பமாக அனுப்பினார்கள். அமாசா மூத்த மகனோடு முதலில் போனார். அடுத்த ஆண்டு அம்மாவும் தங்கைகளும் சைலஸும் போய்ச் சேர்ந்தார்கள். லாரன்ஸ் ஊருக்குத் தெற்கே கோல் கிரீக் என்ற இடத்தில் வீடு. மிசூரியிலிருந்து தப்பி ஓடிவரும் அடிமைகளுக்கு அந்த வீடு ஒரு மறைவிடம். சைலஸுக்கு அப்போது 17 வயது. ராத்திரியில் ஆட்களை அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போய் விடுவதுதான் அந்த வயதில் அவர் பார்த்த வேலை.

மற்றதெல்லாம் கேள்வி வர வர எழுதுகிறேன்.

#2 மருதாணி

ஐயா, படித்து முடித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம். அந்த நாளில் மேலதிகாரியின் உத்தரவை மீறினால் அங்கேயே சுட்டுப் போட்டிருப்பார்களே, அவரை விட்டுவிட்டார்களா? இன்னொன்று, இவ்வளவு முக்கியமான கடிதம் இத்தனை காலம் எங்கே இருந்தது?

#3 ஏட்டுச்சுவடி

மருதாணி, தாக்குதலுக்கு முந்தைய நாளே அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஷிவிங்டன் படையோடு ஃபோர்ட் லயனுக்கு வந்து இறங்கியதும் சக அதிகாரிகளிடம் போய், சமாதானத்துக்கு வந்தவர்களைக் கொல்வது கொலை என்று நேருக்கு நேர் சொன்னார். அது ஷிவிங்டன் காதுக்குப் போனது, அவர் சோல் மேல் ஆத்திரத்தோடு இருந்தார். ஆனாலும் சண்டை தொடங்கிய பிறகு கூச்சலிலும் புகையிலும் யார் சுடுகிறார்கள், யார் சுடவில்லை என்று பார்த்து நிறுத்துகிற ஒழுங்கு அந்தப் படையில் இல்லை. பாதிக்கு மேல் நூறு நாள் ஒப்பந்தத்தில் சேர்ந்த புது ஆட்கள். சோல் தன் கம்பெனியை ஓடையின் மறுகரைப் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோய்விட்டார்.

அவர் மட்டுமில்லை. ஜோசப் கிரேமர் என்ற லெப்டினன்டும் சுட மறுத்தார். அவரும் டிசம்பர் 19-இல் வின்கூப்புக்குத் தனியாக எழுதினார். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் தன் கண்ணால் பார்த்தபடி உறுதி செய்கிறார்.

இரண்டும் 2000-ஆம் ஆண்டில்தான் ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அதே ஆண்டு சாண்ட் கிரீக்கை தேசிய வரலாற்று இடமாக அறிவிக்கும் மசோதா அமெரிக்க செனட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர் பென் நைட்ஹார்ஸ் கேம்பெல் வட ஷையான் இனத்தவர். விசாரணையில் இந்தக் கடிதங்கள் வைக்கப்பட்டன. நவம்பரில் சட்டம் நிறைவேறியது. 2007-இல் நினைவிடம் முறைப்படி அமைந்தது.

#4 கருங்கல்

ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் எழுத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

சோல் குடும்பம் ‘குடியேறிய’ கேன்சஸ் யாருடைய நிலம்? லாரன்ஸ் ஊர் எழுந்தது ஷானி என்ற பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில். 1854 மே மாதம் ஓர் ஒப்பந்தத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு, அந்த மை காய்வதற்குள் குடியேற்றக்காரர்களை இறக்கினார்கள். அடிமைமுறை வேண்டும் என்றவர்களும் அந்த நிலத்தில்தான் இறங்கினார்கள், வேண்டாம் என்றவர்களும் அந்த நிலத்தில்தான் இறங்கினார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியில் இரண்டு கட்சிக்கும் சண்டையே இல்லை.

அடுத்து கொலராடோ. அங்கே சோல் போனது எதற்கு? தங்கம் தேடி. 1851-இல் ஃபோர்ட் லாராமி ஒப்பந்தத்தில் ஷையான், அரபஹோ மக்களுக்கு உரியது என்று அமெரிக்க அரசே கையெழுத்திட்ட சமவெளி அது. தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து விழுந்தார்கள். 1861-இல் ஃபோர்ட் வைஸ் ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டு, அவர்களுக்கு இருந்த நிலத்தைப் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். சாண்ட் கிரீக்கில் அவர்கள் ஒதுங்கிக் கிடந்ததற்குக் காரணமே அந்தக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் சோலும் ஒருவர்.

அவர் சுடவில்லை என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுடாத கையும் அந்த நிலத்தில்தான் மண்வெட்டி பிடித்தது.

#5 குன்றத்தூரான்

கருங்கல் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் போவதற்கு முன்னால், சோல் சிறைக்குள் போன கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐயா, நீங்கள் எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1859 ஜனவரி. ஜான் டாய் என்ற மருத்துவர் லாரன்ஸிலிருந்து 13 கறுப்பின மக்களை இரண்டு வண்டிகளில் ஏற்றி வடக்கே ஐயோவாவை நோக்கிக் கிளம்பினார். பத்துப் பன்னிரண்டு மைல் போவதற்குள் ஆயுதம் ஏந்திய கும்பல் மறித்தது. எல்லோரையும் மிசூரிக்கு இழுத்துப் போனார்கள். அடிமைகளைக் கடத்தினார் என்று டாய்க்கு ஐந்து வருடத் தண்டனை. செயின்ட் ஜோசப் நகரச் சிறையில் வைத்திருந்தார்கள்.

ஜூலை 23. லாரன்ஸிலிருந்து பத்துப் பேர் போனார்கள். 21 வயது நிறையாத சோல்தான் முதலில் உள்ளே நுழைந்தவர். டாயின் மனைவியிடமிருந்து சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று சிறைக்காவலரிடம் சொன்னார். காவலர் கொஞ்சம் அசந்த நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு டாயின் கைக்குப் போய்விட்டது. இன்று நள்ளிரவு தயாராக இரு என்பது சேதி. ராத்திரி, குதிரைத் திருடன் ஒருவனைப் பிடித்துவிட்டோம், விடியும்வரை சிறையில் வைத்திருங்கள் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். ‘திருடன்’ கையில் கட்டு. காவலர் கதவைத் திறந்தார். டாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, மிசூரி ஆற்றைப் படகில் தாண்டிவிட்டார்கள். ஒரு உயிர் போகவில்லை.

லாரன்ஸ் திரும்பியதும் எடுத்த புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் டாய் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், அடிமைமுறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டார். பிரவுன் தூக்கிலிடப்பட்ட பிறகு அவருடைய தோழர்கள் ஸ்டீவன்ஸ், ஹேஸ்லெட் இருவரும் வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன் சிறையில் இருந்தார்கள். அவர்களை மீட்க முடியுமா என்று பார்க்கவும் சோல்தான் போனார். குடித்துவிட்டு உளறும் அயர்லாந்துக் கூலித் தொழிலாளி போல நடித்து, வேண்டுமென்றே பிடிபட்டு, ஒரு ராத்திரி அதே சிறையில் கிடந்தார். இரண்டு பேரிடமும் பேசினார். காவல் பலமாக இருக்கிறது, எங்களுக்காக இன்னும் பல உயிர் போக வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1860 மார்ச் 16-இல் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

அவர்களைக் காப்பாற்ற முடியாமல் வெறுங்கையோடு திரும்பிய சோலை நினைத்தால் எனக்கு மனசு பாரமாகிவிடும்.

#6 கருங்கல்

குன்றத்தூரான் தம்பி, அருமையாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் புகைப்படத்தில் 11 பேர் இருக்கிறார்கள். அந்த 13 பேர் எங்கே?

பெரும்பாலோர் திரும்ப அடிமைகளாகவே விற்கப்பட்டார்கள். அவர்களில் லாரன்ஸில் சமையல் வேலை பார்த்த, அடிமையாக இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடி எந்தப் படகும் போகவில்லை.

#7 ஏட்டுச்சுவடி

கருங்கல், உங்கள் இரண்டு பதிவையும் மறுக்கப் போவதில்லை. அந்த 13 பேரை நீங்கள் நினைவுபடுத்தியது சரி. நான் எழுதியிருந்தால் நானே அதை விட்டிருப்பேன்.

உங்கள் வாதத்தை நான் இன்னும் ஒரு படி கூட்டுகிறேன். ஷிவிங்டன் யார் தெரியுமா? மெதடிஸ்ட் போதகர். அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். மிசூரியில் அதற்காக மிரட்டலைச் சந்தித்தவர். 1862 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் குளோரியெட்டா கணவாயில், தென்னகப் படையின் (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் படை) பின்பக்கமாக மலையேறிப் போய் அவர்களுடைய தளவாட வண்டிகளை எரித்துப் போரையே திருப்பியவர். சோலும் அதே முதலாவது கொலராடோ படையில் இருந்தவர்தான். ஒரே சீருடை, ஒரே கொள்கை. சோலுக்கு ஷிவிங்டன் மேல் ஒரு காலத்தில் மதிப்பும் இருந்தது.

ஆகவே அடிமைமுறையை எதிர்த்ததால் சோல் சுடவில்லை என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே கொள்கைக்காரர்தான் சுடச் சொல்லி உத்தரவிட்டார். நான் பல வருடமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: சோலுக்கு அந்த முகாமில் இருந்தவர்களின் முகம் தெரியும். அதுதான் வித்தியாசம்.

அது எப்படி என்றால், அங்கேயும் ஒரு கடிதம் இருக்கிறது. 1864 ஆகஸ்ட் 29-இல் பிளாக் கெட்டில் ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார். எழுதியவர்கள் ஆங்கிலம் படித்த ஜார்ஜ் பென்ட், எட்மண்ட் கெரியர் என்ற இரண்டு கலப்பினத்தவர். சமாதானத்துக்குத் தயார், எங்களிடம் இருக்கும் கைதிகளைத் தருகிறோம், உங்களிடம் இருப்பவர்களைத் தாருங்கள் என்பது விஷயம். அதை ‘ஒற்றைக் கண்’ என்ற ஷையான் முதியவர் ஃபோர்ட் லயனுக்குக் கொண்டு வந்தார். பார்த்த இடத்தில் சுடலாம் என்று இருந்த நேரம். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கடிதத்தை நம்பித்தான் வின்கூப் நூற்றுச் சொச்சம் ஆட்களோடு அவர்கள் முகாமிட்டிருந்த ஸ்மோக்கி ஹில் ஆறு வரை போனார். சோலும் கூடப் போனார். பல மடங்கு பெரிய கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள். பிளாக் கெட்டில் வாக்குக் கொடுத்தார், கைதிகள் நான்கு பேரை ஒப்படைத்தார். பிறகு தலைவர்களை டென்வருக்கே கூட்டி வந்து, செப்டம்பர் 28-இல் ஆளுநர் ஜான் எவன்ஸ், ஷிவிங்டன் முன்னால் உட்கார வைத்தார்கள். அன்று எடுத்த படத்தில் தலைவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டு இருப்பவர்கள் வின்கூப்பும் சோலும்.

இரண்டு மாதம் கழித்து அதே ஆட்களைச் சுடச் சொன்னார்கள். ஒற்றைக் கண் அன்று சாண்ட் கிரீக்கில்தான் செத்தார்.

#8 நெய்தல்

நல்ல இழை. ஐயா, முகம் தெரியும் என்பது மட்டும் போதுமா? ஃபோர்ட் லயனில் இருந்த மேஜர் ஸ்காட் ஆன்டனிக்கும் அவர்களைத் தெரியும். வின்கூப்பை மாற்றிவிட்டு அவரைத்தானே அங்கே வைத்தார்கள்? அவரே அந்தத் தலைவர்களிடம் பேசியிருக்கிறார். பிறகு ஷிவிங்டனோடு கூடவே போனார்.

#9 ஏட்டுச்சுவடி

நெய்தல், சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ஆன்டனி விஷயம் என் விடைக்கு இடிக்கிறது. முகம் தெரிவது தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்று திருத்திக்கொள்கிறேன். சோல் வாக்கும் கொடுத்திருந்தார். ஸ்மோக்கி ஹில்லில் அவர்கள் நம்பியது வின்கூப்பையும் கூட இருந்த அதிகாரிகளையும். அந்த வாக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று சோலும் கிரேமரும் நினைத்தார்கள். ஆன்டனி வாக்கைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் எடுத்துக்கொண்டார்.

#10 ராக்கிமலை

எல்லோருக்கும் வணக்கம். டென்வரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன அக்டோபரில் மகளைக் கூட்டிக்கொண்டு சாண்ட் கிரீக் போனேன். டென்வரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். ஈட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டிப் போனால் கடைசியில் மண் சாலை. பின்கண்ணாடியில் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. செல்பேசியில் சிக்னல் இல்லை.

மலை, அருவி என்று எதுவும் எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த புல், வானம், தூரத்தில் வரிசையாக காட்டன்வுட் மரங்கள். அந்த மரங்கள்தான் ஓடை இருக்கும் இடம். இலையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. தண்ணீர் இல்லை, மணல்தான். மேட்டின் மேல் நின்று பார்க்கலாம், ஓடைக்குள் இறங்க அனுமதி இல்லை. அது இறந்தவர்களின் இடம் என்று அந்த மக்கள் கேட்டுக்கொண்டதால் யாரும் இறங்குவதில்லை. மேட்டில் பழைய நினைவுக்கல் ஒன்று இருக்கிறது, 1950-இல் வைத்தது. அதில் ‘சாண்ட் கிரீக் போர்க்களம்’ என்று வெட்டியிருக்கிறது. அதைச் சுற்றி வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சின்னச் சின்னப் பொருட்கள். என் மகள் ஒரு பொம்மையைக் காட்டி, யாருடையது அம்மா என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் ‘போர்’ என்ற சொல் எவ்வளவு நாள் நின்றது பாருங்கள். டென்வரில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் இருந்த உள்நாட்டுப் போர்ச் சிலையின் அடியிலும் சாண்ட் கிரீக்கைப் போர்களின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2020 ஜூனில் அந்தச் சிலை கீழே விழுந்தது. எவன்ஸ் பெயரில் இருந்த மலைக்கு 2023-இல் மவுண்ட் புளூ ஸ்கை என்று பெயர் மாற்றினார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஷையான், அரபஹோ இளைஞர்கள் சாண்ட் கிரீக்கிலிருந்து டென்வர் வரை ஓடி வருகிறார்கள். ஆறுதல் ஓட்டம் என்று சொல்லலாம். அதில் ஒரு நிறுத்தம் ரிவர்சைட் கல்லறைத் தோட்டம். சோலின் கல்லறை அங்கேதான். மற்ற சிப்பாய்களுடையது போலவே சாதாரண வெள்ளைக் கல். அந்தக் கல்லுக்கு முன்னால் அவர்கள் பாடி, வணங்கிவிட்டுப் போகிறார்கள்.

கருங்கல் அண்ணா, உங்கள் கேள்விகள் எல்லாம் எனக்கும் உண்டு. நான் இப்போது குடியிருப்பதும் அதே நிலம்தான். ஆனால் யாரை நினைப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு அதிகமோ, அவர்கள் அந்தக் கல்லுக்கு வருகிறார்கள்.

#11 கருங்கல்

ராக்கிமலை அக்கா, இதைப் படித்த பிறகு சற்று நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. அவர்கள் அங்கே நின்று வணங்குவது எனக்குத் தெரியாது. என் கேள்விகளை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் சோலின் பெயரை முன்பு எழுதிய தொனியில் இனி எழுத மாட்டேன்.

#12 மருதாணி

சுடவில்லை என்பதோடு முடிந்துவிட்டதா ஐயா? அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

#13 ஏட்டுச்சுவடி

சொல்கிறேன். டென்வரில் ஷிவிங்டனுக்கு வெற்றி ஊர்வலம். உரித்தெடுத்த தலைத்தோல்களை நாடக அரங்கில் காட்டினார்கள். சோல், கிரேமர் போன்றவர்கள் எழுதிய கடிதங்களால்தான் வேறு ஒரு கதையும் இருக்கிறது என்று கிழக்கே தெரியவந்தது. 1865 பிப்ரவரியில் டென்வரில் ராணுவ விசாரணை தொடங்கியது. தலைமை வகித்தவர் சாமுவேல் டேப்பன், அவரும் லாரன்ஸில் குடியேறிய அடிமைமுறை எதிர்ப்பாளர்தான். முதல் சாட்சி சோல். எதிரே உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தவர் ஷிவிங்டனே. தன் முன்னாள் கர்னலின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஊரில் அவருக்கு அப்போது இருந்த வேலை ராணுவக் காவல் அதிகாரி. ஏப்ரல் 1-ஆம் தேதி ஹெர்சா கோபர்லி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஏப்ரல் 23 ராத்திரி, தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் போனார். பதினைந்தாம் தெருவும் அரபஹோ தெருவும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கல்யாணமாகி 22 நாள். அந்தத் தெருமுனையில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

சுட்டவன் சார்லஸ் ஸ்குவயர் என்ற சிப்பாய். நியூ மெக்சிகோவுக்கு ஓடியவனை லெப்டினன்ட் ஜேம்ஸ் கேனன் பிடித்து டென்வருக்குக் கொண்டு வந்தார். வந்த சில நாளில் கேனன் தன் ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். ஸ்குவயர் தப்பிவிட்டான். வழக்கே நடக்கவில்லை. ஷிவிங்டனையும் யாரும் தண்டிக்கவில்லை, ராணுவத்தை விட்டு விலகியதால் ராணுவ நீதிமன்றம் தொட முடியவில்லை.

தான் கொல்லப்படுவோம் என்று சோலுக்குத் தெரிந்திருந்தது. சாட்சி சொன்னதற்காக என்னைக் கொல்வார்கள், கொன்ற பிறகு என் பெயரையும் கெடுப்பார்கள் என்று ஒரு சக அதிகாரியிடம் சொல்லியிருந்ததை அந்த அதிகாரி விசாரணையில் பதிவு செய்திருக்கிறார். அப்படியே நடந்தது. அவர் இறந்த பிறகு, குடிகாரர், கோழை, திருடர் என்றெல்லாம் சொல்லும் ஒரு வாக்குமூலத்தை ஷிவிங்டன் தரப்பு விசாரணைக்குக் கொண்டு வந்தது.

#14 நெய்தல்

இன்னொரு பக்கத்துக் கடிதங்களையும் சொல்லிவிடுகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா குறிப்பிட்ட ஜார்ஜ் பென்ட் அந்த முகாமில்தான் இருந்தார். அம்மா ஷையான், அப்பா வில்லியம் பென்ட் என்ற வெள்ளை வணிகர். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஜார்ஜ் தென்னகப் படையில் சண்டை போட்டவர்! அடிமைமுறையைக் காக்க நின்ற படையின் ஆள் ஓடைக்குள் உயிருக்கு ஓடுகிறார், அதை ஒழிக்க நின்றவர்கள் சுடுகிறார்கள். இடுப்பில் குண்டு பாய்ந்தும் தப்பினார். தாக்க வந்த படைக்கு வழிகாட்டக் கட்டாயப்படுத்தி இழுத்து வரப்பட்டவர் அவருடைய சொந்த அண்ணன் ராபர்ட்.

ஜார்ஜ் பென்ட் வயதான காலத்தில், 1918-இல் இறக்கும்வரை, ஜார்ஜ் ஹைட் என்ற வரலாற்றாசிரியருக்குக் கடிதம் கடிதமாகத் தன் நினைவுகளை எழுதி அனுப்பினார். மணல் கரையில் கையால் குழி தோண்டி அதற்குள் மறைந்துகொண்டது, ராத்திரி குளிரில் காயம் பட்டவர்கள் உறைந்துவிடாமல் இருக்கப் புல்லைப் பறித்து மேலே போட்டது எல்லாம் அவர் வழியாகத்தான் நமக்குத் தெரியும். சோலின் கடிதம் குதிரை மேலிருந்து பார்த்தது. பென்ட் கடிதம் குழிக்குள் இருந்து பார்த்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்கக் கூடாது.

#15 குன்றத்தூரான்

ஐயா, எண்ணிக்கையில் எனக்குக் குழப்பம். நீங்கள் 230-க்கு மேல் என்றீர்கள். வேறு இடத்தில் 130 என்று பார்த்தேன்.

#16 ஏட்டுச்சுவடி

அந்தக் குழப்பம் சோலின் கடிதங்களுக்குள்ளேயே இருக்கிறது தம்பி. டிசம்பர் 18-இல் அம்மாவுக்கு எழுதும்போது முந்நூறு என்கிறார். புத்தாண்டு அன்று அந்த இடத்துக்கே திரும்பப் போய்ப் பிணங்களை எண்ணியிருக்கிறார். ஜனவரி 8 கடிதத்தில், சொன்ன அளவுக்கு இல்லை, 130-க்கு மேல் இல்லை என்று அம்மாவிடமே திருத்திச் சொல்கிறார். ஒரு மாதம் கழிந்து, ஓநாய்கள் திரிந்த, உறவினர் தூக்கிப் போனவர்கள் போக மிச்சம் கிடந்த களத்தில் எண்ணியது அது. அதனால் உண்மைக் கணக்கு கூடுதல்தான். ஆனால் தன் பக்கத்துக்குச் சாதகமான பெரிய எண்ணைத் தானே குறைத்துச் சொல்கிறார் பாருங்கள். பொய் சொல்ல நினைப்பவன் செய்கிற காரியம் இல்லை அது. அந்த ஒரு திருத்தத்தால்தான் மற்ற எல்லா வரியையும் நான் நம்புகிறேன்.

பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான் என்ற வரியை மட்டும் எந்தக் கடிதத்திலும் மாற்றவில்லை.

#17 ராக்கிமலை

ஹெர்சா பிறகு என்ன ஆனார் என்று யாராவது தேடுவீர்கள். மறுமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணத்தில் 1876-இல் பிறந்த மகன்தான் ஹோமர் லீ, பிற்காலத்தில் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென்னுக்கு ராணுவ ஆலோசகராக இருந்தவர். வரலாறு எங்கே போய் எங்கே முட்டுகிறது!

#18 ஏட்டுச்சுவடி

இது எனக்குப் புதிது அம்மா, நன்றி.

இந்த இழைக்காக அம்மாவுக்கு எழுதிய டிசம்பர் 18 கடிதத்தைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். ஒரு சிக்கலில் நிற்கிறேன். அம்மாவிடமிருந்து வந்த கடிதத்துக்குப் பதிலாக எழுதுகிறார். நீ கடிதம் எழுதிய அந்த நாளில் நான் ஒரு படுகொலையின் நடுவே இருந்தேன் என்று சொல்கிறார். அம்மா கேன்சஸ் வீட்டில் மேசை முன் உட்கார்ந்து மகனுக்கு எழுதிய அதே தேதி. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் ‘நீ’ போடுவதா, ‘நீங்கள்’ போடுவதா? கேப்டன், 26 வயது, அந்தக் காலம் என்று பார்த்து ‘நீங்கள்’ போட்டேன். படித்தால் யாரோ அதிகாரிக்கு அறிக்கை எழுதுவது போல இருக்கிறது.

#19 மருதாணி

நீ போடுங்கள் ஐயா. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஐம்பது வயது, அம்மாவை இன்னும் நீ என்றுதான் கூப்பிடுகிறான். பயந்துபோன பிள்ளை அம்மாவிடம் நீங்கள் போட மாட்டான்.

#20 கருங்கல்

நீ.

#21 ஏட்டுச்சுவடி

மாற்றிவிட்டேன். இப்படி வந்திருக்கிறது:

“அம்மா, நீ எனக்கு எழுதிய அன்றைக்கு நான் ஒரு படுகொலையில் நின்றுகொண்டிருந்தேன். முந்நூறு செவ்விந்தியர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பயங்கரமாக இருந்தது. என் கம்பெனியை நான் சுட விடவில்லை.”

மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து இங்கேயே போடுகிறேன்.